சம்பந்தி வீட்டுக்குத் தொட்டில் வந்த காரணம்

சிலிபின், ஈப்போ.
டிசம்பர், மழை விட்ட ஒரு மதியம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா புனிதா அவர்கள் சமூகத்திற்கு, சிலிபினிலிருந்து அர்ச்சுனன் தலை குனிந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் விமலாவும் உடம்பளவில் நலம். அங்கு கோப்பெங்கில் தாங்களும், மாப்பிள்ளை ரூபனும், எங்கள் மகள் துளசியும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன் என்று எழுத வந்தேன். நான் வேண்டிக்கொண்டதால்தான் இத்தனையும் வந்தது என்பதால் அந்த வரியை அப்படியே விட்டுவிடுகிறேன்.

கடிதத்தின் உச்சியில் ஓர் அடித்தல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். கத்தோலிக்க வீட்டுக்குப் போகிற கடிதமாயிற்றே, சிலுவை போடலாமா என்று யோசித்தேன். எங்கள் சாமியிடமே ஒழுங்காக நடந்துகொள்ளத் தெரியாதவன் உங்கள் சாமியின் அடையாளத்தை எந்த முகத்தோடு போடுவது என்று பேனா நின்றுவிட்டது. சுழியை அடித்தேன். அடித்தபின், பிள்ளையாரையே அடித்துவிட்டோமே என்று பயம் வந்து, பக்கத்தில் இன்னொன்று போட்டேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், வாட்சாப்பில் அனுப்பினால் போதாதா என்று விமலா கேட்டாள். பல் டாக்டரிடம் எடுத்த என் வாய்ப் படத்தைக் குடும்பக் குழுவில் நான் போட்டுவிட்ட கதை உங்களுக்கே தெரியும். போனில் பேசலாம் என்றால் உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகையால் கடிதம்.

முதலில் சட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாமே சட்டையில்தான் ஆரம்பித்தது. போன கிறிஸ்துமஸ் விருந்துக்கு நாங்கள் மாப்பிள்ளைக்கு வாங்கி வந்த சட்டை அவருக்குப் பத்தவில்லை. தங்கமான பிள்ளை, பெரியவர்கள் கொடுத்ததாயிற்றே என்று அதையே போட்டுக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தபடி பந்தியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்கறி வரைக்கும் தாங்கினார். பாயசம் வந்ததும் நடுப் பொத்தான் தெறித்து உங்கள் கோயில் பாதருடைய தட்டில் போய் விழுந்தது. பாதர் அதை எடுத்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அன்று திரும்பும்போது விமலா காரில் பேசாமல் வந்தாள். கோப்பெங்கிலிருந்து ஈப்போ வரை அவள் பேசாமல் வந்தது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். பிறகு இந்தத் தீபாவளிக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். லிப்ட் வழக்கம்போல் கெட்டுக் கிடக்க, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறி வந்தீர்கள். நடுப்படியில் உட்கார்ந்து, “சம்பந்தி, மோட்சத்துக்குப் போறதுக்கு இது கிட்ட வழி போல இருக்கே” என்று சிரித்தீர்கள். கையில் விமலாவுக்குப் பட்டுப்புடவை. அதை அவள் இன்னும் கட்டவில்லை, எடுத்து எடுத்துப் பார்த்து மறுபடி வைத்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை மரியாதை செய்கிறவர்களுக்கு இந்த வருடமாவது அளவான ஒரு சட்டை கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்து, பள்ளி விடுமுறை விட்ட முதல் சனிக்கிழமை, கிறிஸ்துமஸ் மலிவு விற்பனை ஆரம்பித்த அன்றைக்கே, ஈப்போவில் ஒரு பெரிய பேரங்காடிக்குக் கிளம்பினோம். துளசியிடம் அளவு கேட்டுவிட்டுப் போகலாம் என்று விமலா சொன்னாள். “கேட்டுட்டு வாங்கினா அப்புறம் அதுல என்ன சர்ப்ரைஸ் இருக்கு?” என்று சொன்னவன் நான்தான்.

நான் முப்பது வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவன். வேலை முடிந்து தூங்கி வழிகிற பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எந்தச் சந்தில் விட்டாலும் திருப்பி எடுப்பேன். அன்றைக்கு என் சின்னக் காரை நிறுத்த ஓர் இடம் கிடைக்கவில்லை. கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம், மேல்தளத்திலிருந்து கீழ்த்தளம் என்று தேர் மாதிரி சுற்றி வந்தோம். ஈப்போவே அங்கேதான் இருந்தது, பக்கத்து ஊர்களும் வந்திருந்தன. கடைசியில் விமலா பொறுமையிழந்து இறங்கிப் போய், ஒரு காலி இடத்தைக் கண்டுபிடித்து, அதன் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். பெரிய கார்க்காரர் ஒருவர் ஹார்ன் அடித்தார். “அடிச்சுக்க லா, எனக்குக் காது கேக்காது” என்றாள். நான் அம்புக்குறி காட்டிய வழியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அவளிடம் வந்து சேர்வதற்குள் அவளைச் சுற்றி மூன்று கார், காவலுக்கு நிற்கிற ஜாகா ஒருவர், வேடிக்கை பார்க்க ஒரு குடும்பம். எல்லோருடைய முகத்தையும் பார்க்காமல் காரை உள்ளே விட்டேன். அன்றைய வெட்கத்தில் அது முதல் தவணை.

உள்ளே போனால் அதைவிட மோசம். தீபாவளிக்குப் போட்டிருந்த அரிசிக் கோலத்தைக் கூட்டி அள்ளிய அதே இடத்தில் ஒரு பெரிய கிறிஸ்துமஸ் மரம் நின்றது. மேலிருந்து சோப்பு நுரையைப் பனி என்று கொட்டினார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே பிள்ளைகள் பனிக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட நிற்பது போல எஸ்கலேட்டருக்கு வரிசை. சட்டை விற்கிற மாடி மூன்றாவது. விமலா முதல் மாடியிலேயே, ஒரு சட்டி வாங்கினால் இன்னொரு சட்டி இலவசம் என்று எழுதிய இடத்தில் நின்றுவிட்டாள். “நீங்க கீழ அந்த மரத்துகிட்ட நில்லுங்க. நான் வார வரைக்கும் நகந்துறாதீங்க” என்று என்னை அனுப்பிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தாள். நானும் நகரவில்லை. நகர்ந்திருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது.

மரத்தின் தாழ்ந்த கிளைகளில் எல்லாம் சிவப்பு நாடா கட்டிய சின்னச் சின்ன அட்டைகள் தொங்கின. சனங்கள் அந்த நெரிசலிலும் அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு சீனத்துப் பெரியவர் ஓர் அட்டையைப் பிடித்து வாசித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஒரு மலாய்க்காரப் பெண் அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மேசை, மேசைமேல் எழுதாத அட்டைகள், பேனா, நாடா. மான் கொம்பு மாட்டிய ஒரு சீனப் பெண்பிள்ளை அட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா, நீங்களே சொல்லுங்கள், எங்கள் ஆட்களுக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மரத்தில் மஞ்சள் துணியும் மரத்தொட்டிலும் கட்டி வளர்ந்தவன் நான். துளசி பிறந்ததே அப்படிக் கட்டித்தான் என்று விமலா இன்றும் சொல்வாள். சரி, இது இயேசுசாமி மரம், அதனால் என்ன, புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு வருடம் தவறாமல் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள்தானே நாங்கள், சாமிக்குச் சாமி சண்டையா என்று நினைத்தேன். அது அநாதை இல்லத்துப் பிள்ளைகளும் முதியோர் இல்லத்துப் பெரியவர்களும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதித் தொங்கவிட்ட மரம், வாசிக்கிறவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பொருளை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அறிவிப்புப் பலகை இருந்ததாம். அதன்மேல் யாரோ பையை மாட்டி வைத்திருந்தார்கள்.

அட்டையில் நான்கு கோடு. பேர், வயது, ஆசை, விலாசம். இது அர்ச்சனைச் சீட்டேதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. விலாசம் எதற்கு என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை, காரணம் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் பத்துமலை என்று ஒருவர் தனக்கு ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலை கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு தீ மிதித்தார். விலாசம் சொல்லவில்லை. அடுத்த டிவிஷனில் இருந்த இன்னொரு பத்துமலைக்கு மண்டோர் வேலை கிடைத்தது, அவர் கோயில் பக்கமே வராத ஆள். அன்றிலிருந்து எங்கள் சனம் சாமியிடம் பேர் நட்சத்திரத்தோடு வீட்டு நம்பரையும் சொல்லிவிடும். ஆகவே பேர் துளசி என்று எழுதினேன். கல்யாணமான பெண்ணின் வயதைப் பலபேர் பார்க்க எழுதக் கூடாது என்று, அந்த இடத்தில் கல்யாணமாகி எத்தனை வருடமோ அதை, மூன்று என்று போட்டேன். ஆசை என்ற இடத்தில் குழந்தை என்று எழுதத்தான் கை போனது. பின்னால் ஒருவர் எட்டிப் பார்த்தார், கூச்சமாகப் போய்விட்டது. கோயிலிலும் தொட்டில்தானே கட்டுகிறோம், சாமிக்குப் புரியாதா என்று மலாயில் ‘புவாயான்’ என்று எழுதினேன், தொட்டில் என்று. விலாசத்தில் உங்கள் கோப்பெங் வீட்டு நம்பரைத் தெளிவாகப் போட்டேன். கட்டலாமா என்று மான் கொம்புப் பிள்ளையிடம் கேட்டேன். அவள் ஒரு கையில் பொட்டலமும் வாயில் நாடாவுமாக, “போலே, போலே அங்கிள், தெரிமா காசி” என்று, கட்டலாம் என்றதோடு எனக்கு நன்றியும் சொன்னாள். கட்டினேன். செருப்போடு கும்பிட்டுவிட்டோமே என்று பிறகு உறைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒரே ஓர் அட்டைதான் கட்டினேன் சம்பந்தியம்மா. என் பஸ் லைசென்ஸ் மேல் சத்தியமாக ஒன்றே ஒன்று. விமலா சட்டிகளோடு வந்தாள். சட்டைக்கு வரிசை வாசல்வரை இருந்ததால் அடுத்த வாரம் வரலாம் என்று திரும்பிவிட்டோம்.

அதன் பிறகு உங்கள் வீட்டில் நடந்ததை உங்களுக்கே நான் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ஆனாலும் எழுதுகிறேன். இவனுக்குப் பாதிதான் தெரியும், அதனால்தான் பாதி வெட்கத்தோடு இருக்கிறான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் மாப்பிள்ளை போனில் சொன்னார், சிரிக்காமல் சொன்னார், அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. உங்கள் கோயில் மாதர் சங்கத்துக்காரர்கள் அந்த வாரத்தில் ஒரு நாள் உங்கள் ஹாலில் உட்கார்ந்து, ஏழை வீடுகளுக்குக் கொடுக்க அரிசியும் சீனியும் எண்ணெயும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்களாம். நீங்கள்தான் அதற்குத் தலைவி. அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்று, மணி அடித்து, சிவப்பு உடுப்பும் பஞ்சுத் தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா இறங்கி, “அடிக் துளசி, உமோர் தீகா” என்று, மூன்று வயதுத் துளசிப் பாப்பாவைக் கேட்டாராம். வேலை விட்டு அப்போதுதான் வந்த துளசி ஆபீஸ் உடுப்போடு வெளியே வந்து, நான்தான் துளசி என்றாளாம். தாத்தா அவளுக்குப் பின்னால் குனிந்து பிள்ளையைத் தேடினாராம். என் அட்டையை எடுத்த புண்ணியவதி யாரோ, மூன்று வயதுப் பிள்ளை எதற்குத் தொட்டில் கேட்கிறது, பொம்மைக்கா, பிறக்கப் போகும் தம்பிக்கா என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று நிஜத் தொட்டிலையே வாங்கி அதில் ஒரு பொம்மையையும் படுக்க வைத்து அனுப்பியிருக்கிறார். அதைத் தாத்தா தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் வந்திருக்கிறார். ஒரு பெரியம்மா எழுந்து துளசியின் தலையில் கை வைத்து, “மாதா கண்ணத் தொறந்துட்டாங்க. எத்தன மாசம்மா?” என்று கேட்டாராம். இன்னொருவர், “புனிதா வீட்டுக்கே உதவி வருதா, சொல்லவே இல்லயே” என்றாராம். தாத்தா உங்களைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க, அவர் மனம் நோகக் கூடாது என்று நீங்கள் சிரித்தீர்களாம். எல்லோரும் போனபின் பார்த்தால் கட்டி வைத்த பொட்டலத்தில் ஒன்றை யாரோ சத்தமில்லாமல் உங்கள் அடுப்படியிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். கொடுத்தே பழகிய கை உங்களுடையது, அந்தக் கையில் நான் அரிசிப் பொட்டலத்தை வைத்துவிட்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமிக்கே தெரியாமல் பூசாரி வேன் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் துளசி கூப்பிட்டாள். தொட்டிலில் ஒட்டியிருந்த அட்டையில் என் கையெழுத்தைப் பார்த்திருக்கிறாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பேன். “அப்பா, புவாயான்னு எழுதினது நீங்கதானே?” என்றாள். ஆமாம் என்றேன். “எல்லாரும் எங்கிட்ட கேக்குறாங்க. பஸ் ஸ்டாண்டுல கேக்குறாங்க, கல்யாண வீட்டுல கேக்குறாங்க, பல்லு வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட போனாக்கூட அங்க ஒரு ஆன்ட்டி கேக்குறாங்க. அத்தையும் நீங்களும் ரெண்டு பேருதான் இதுவரைக்கும் கேக்காத ஆளுங்க. இப்ப நீங்க எங்கிட்ட கேக்காம ஒரு மரத்துகிட்ட போய் கேட்டிருக்கீங்க” என்றாள். போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. விமலா கூப்பிட்டால் எடுக்கிறாள், அம்மாவோடு பேசுகிறாள், அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்றால் வேலை இருக்கிறது என்கிறாள். சம்பந்தியம்மா, மூன்று வருடமாக மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கிறேனே என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. மற்ற அப்பாக்களைப் போல் இல்லை நான் என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லியும் இருக்கிறேன். வாயால் கேட்காமல் இருந்துவிட்டு, ஈப்போ முழுக்க நடந்து போகிற இடத்தில் நாடா கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. ராத்திரிச் சாப்பாட்டில் கை வைத்தால் அந்தப் பெரியம்மா துளசியின் தலையில் கை வைத்ததுதான் ஞாபகம் வருகிறது.

நேர்ந்துகொண்டதை அவிழ்த்துவிட்டாலாவது மனம் ஆறும் என்று அடுத்த சனிக்கிழமை மறுபடி அந்த இடத்துக்கே போனேன். கூட்டம் போன வாரத்தைப் போல இரண்டு பங்கு. மரத்தை மூன்று தடவை சுற்றி வந்தேன், ஒவ்வோர் அட்டையாகப் பார்த்துக்கொண்டு. எதைத் தேடினேன் என்பது இங்கே முக்கியமில்லை. எனக்குப் பின்னால் ஒரு தமிழ்க் குடும்பமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பித்ததைப் பார்த்து நிறுத்திவிட்டேன். மான் கொம்புப் பிள்ளையிடம் போய் மலாயில் நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியபின், இது என்ன மரம் என்று பொறுமையாக விளக்கினாள். அப்போதுதான் நான் அட்டைகளை நிதானமாக வாசித்தேன். பள்ளிக்கூடச் சப்பாத்து, கறுப்பு. கணக்குப் போட ஒரு கால்குலேட்டர். எழுபது தாண்டிய ஒருவர், முதியோர் இல்லத்தில் இருக்கிறவர், புதுக் கைலி ஒன்று, முடிந்தால் கொண்டுவந்து கொடுக்கிறவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகவும் என்று யாரிடமோ சொல்லி எழுதியிருந்தார். இவர்களுடைய வரிசையில் நான் புகுந்துவிட்டேன். விமலா கார் நிறுத்துகிற இடத்தில் நடுவில் நின்றதற்கே எனக்கு அவ்வளவு வெட்கம், நான் நின்ற இடம் அதைவிட மோசமானது. கைலி அட்டையை எடுத்துக்கொண்டேன். விமலாவும் நானும் நல்ல கட்டம் போட்ட கைலி ஒன்று வாங்கி, அந்த இல்லத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்து, மழை விடும்வரை அவரோடு உட்கார்ந்திருந்தோம். உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஒரு மகள் என்றேன். பேசுவாளா என்று கேட்டார். விமலா, “பேசுவா, பேசுவா” என்று பேச்சை மாற்றினாள். சட்டை மறுபடியும் வாங்கவில்லை.

ஆகவே சம்பந்தியம்மா, உங்கள் வீட்டு மானத்தை வேனில் ஏற்றிவிட்டவன் அதே வீட்டில் வந்து உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிடுவது முறையில்லை. இந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு நாங்கள் வரவில்லை. நீங்கள் பூசைக்குப் போயிருக்கும் நேரம் சொன்னால், தெரிந்தவர் லோரியைக் கொண்டுவந்து தொட்டிலை ஏற்றி, நிஜமாகவே தேவைப்படுகிற வீட்டில் சேர்த்துவிடுகிறேன். அரிசிப் பொட்டலத்தையும் கொடுங்கள். அந்தப் பெரியம்மாவுக்கும் மற்றவர்களுக்கும், இது துளசியின் அப்பா செய்த கூத்து, அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் குறையில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். என் பேரைச் சொல்லியே சொல்லுங்கள், விலாசத்தோடு. துளசியை என் போனை எடுக்கச் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்க மாட்டேன், இனிமேல் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று இருக்கிறேன். வேலை விட்டு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதாவும் மாரியாத்தாவும் தங்களுக்குள் பேசி, தங்கள் குடும்பத்துக்கு எது நல்லதோ அதைத் தாங்களாகவே செய்யட்டும், இடையில் நான் வரமாட்டேன். பாதருக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். விமலா புடவைக்கு மறுபடியும் நன்றி சொல்லச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
முகம் காட்டக் கூசும் சம்பந்தி,
அர்ச்சுனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டிய பிறகு துளசி போன் செய்தாள். தபால்தலையை வீணாக்க மனமில்லாமல், உறையை நீராவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே ஒரே ஓர் அட்டைதான் என்று லைசென்ஸ் மேல் சத்தியம் செய்திருந்தேன். அந்த லைசென்ஸ் போன வருடமே காலாவதியாகிவிட்டது. கட்டியது இரண்டு. முதல் அட்டை உங்களுக்கு, துளசியுடையது இரண்டாவது. படியில் உட்கார்ந்து சிரித்தீர்களே, அது மனதை விட்டுப் போகாமல், ஆசை என்ற இடத்தில் புது முழங்கால் இரண்டு என்று எழுதியிருந்தேன். வயது எழுபத்தெட்டு என்று கூட்டிப் போட்டேன், அரசாங்கக் கிளினிக்கில் வயதானவர்களுக்கு முதல் நம்பர் கொடுப்பது போல் சாமியும் சீக்கிரம் கவனிப்பார் என்று. போன சனிக்கிழமை மரத்தைச் சுற்றியது அதைத் தேடித்தான். அதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள்.

துளசி எடுத்த எடுப்பில், “அப்பா, வேற எத்தன கட்டுனீங்க? உண்மையச் சொல்லுங்க. அத்தைக்கு வாக்கர் வந்திருக்கு, முழங்காலுக்கு ரெண்டு உறை வந்திருக்கு. எழுபத்தெட்டு வயசுப் பாட்டி எங்கன்னு அதே தாத்தா வந்து நிக்கிறாரு” என்றாள். பேசி முடிக்கும் முன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நின்றேன். பின்னால் உங்கள் குரல் கேட்டது. “எழுபத்தெட்டா? எனக்கு அறுபத்திரண்டுலா. சம்பந்திய இருபத்தஞ்சாம் தேதி வரச் சொல்லு, வந்து என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்.” தொட்டிலில் வைக்கோல் பரப்பி இந்த வருடக் குடிலை அதிலேயே ஜோடித்துவிட்டீர்களாம், பால இயேசு அதில்தான் படுப்பாராம். இன்னொரு தடவை எத்தனை மாதம் என்று கேட்ட பெரியம்மாவிடம், “பொறக்க வேண்டிய பிள்ள இருபத்தஞ்சாம் தேதி பொறக்கும், மத்தத எங்க வீட்டுல கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டீர்களாம். இதை மட்டும் துளசி எனக்கு இரண்டு தடவை சொன்னாள்.

ஆகவே விருந்துக்கு வரவில்லை என்ற இடத்தை மட்டும் அடித்துவிட்டு வாசிக்கவும். வருகிறோம். மாப்பிள்ளைக்கு என்ன அளவு என்று இந்தத் தடவை துளசியிடமே கேட்டேன். “டபுள் எக்ஸெல், அப்பா. எழுதிக்குங்க, மரத்துல மட்டும் கட்டிறாதீங்க” என்றாள். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.